0 = 0 வந்தால் எண்ணற்ற தீர்வுகள்தானே? மூன்று மாறி நீக்கல் முறையில் ஒரு சந்தேகம்

#1 வேலூர் அத்தை

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணன் மகன் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. இயற்கணிதப் பாடம் ஆரம்பத்திலேயே மூன்று மாறிச் சமன்பாடுகளில்தான் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மாறிக் கணக்கெல்லாம் நன்றாகத்தான் போட்டான். இப்போது மூன்று என்றதும் தடுமாறுகிறான். நான் படித்தது பி.காம்., எனக்கும் இதில் ஓரளவுக்கு மேல் போகத் தெரியவில்லை.

கணக்கு இது. மாறிகளை க, ச, த என்று வைத்துக்கொள்கிறேன், தட்டச்சு செய்ய வசதி.

(1) க + 2ச − த = 4
(2) 2க − ச + 3த = 13
(3) 3க − 2ச + 2த = 8

அவன் செய்தது: (2)ஐ 2ஆல் பெருக்கி (1)உடன் கூட்டினான். 5க + 5த = 30 வந்தது. 5ஆல் வகுத்தால் க + த = 6. அதிலிருந்து த = 6 − க. அதை (1)ல் போட்டான், ச = 5 − க என்று வந்தது. பிறகு இரண்டையும் (2)ல் போட்டான்:

2க − (5 − க) + 3(6 − க) = 13

இடப்பக்கம் சுருக்கினால் க எல்லாம் அடிபட்டு 13 = 13. அதாவது 0 = 0. "0 = 0 வந்தால் எண்ணற்ற தீர்வுகள் என்று புத்தகத்திலேயே இருக்கிறது அத்தை" என்று எழுதி முடித்துவிட்டான். ஆனால் விடையில் க = 2, ச = 3, த = 4 என்று ஒரே ஒரு தீர்வுதான் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டல் கழித்தலை நானும் பார்த்துவிட்டேன், எங்கேயும் பிழை இல்லை. பிழையே இல்லாமல் தப்பான விடை எப்படி வரும்?

#2 குறுக்குவழி

அக்கா, இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கிராமர் விதி சொல்லிக்கொடுங்கள். நான்கு அணிக்கோவை (சமன்பாட்டு எண்களைச் சதுரமாக அடுக்கி அதிலிருந்து கணக்கிடும் ஓர் எண்) போட்டால் மூன்று விடையும் நேராக வந்துவிடும். எதை நீக்குவது, எதைப் பிரதியிடுவது என்ற குழப்பமே இல்லை.

#3 சாக்பீஸ்

பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கிராமர் இப்போது வேண்டாம். அது பன்னிரண்டாம் வகுப்பில் வரும். இந்தப் பையன் எங்கே நிற்கிறான் என்று முதலில் பார்ப்போம்.

அம்மா, அவன் எழுதிய வரிகளை மறுபடி படியுங்கள். (1) வருகிறது, (2) வருகிறது, மறுபடி (1), மறுபடி (2). (3) எங்கே? அவன் மூன்றாவது சமன்பாட்டைத் தொடவே இல்லை. இரண்டு சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மாறிகளைத் தேடியிருக்கிறான். க + த = 6 என்பது (1), (2) இரண்டிலிருந்தும் பிறந்தது. அதைத் திரும்ப (1)லும் (2)லும் போட்டால் புதிதாக என்ன கிடைக்கும்? தெரிந்ததே திரும்ப வரும். அதுதான் 13 = 13.

ஒன்று கவனியுங்கள். அவன் எழுதிய ச = 5 − க, த = 6 − க இரண்டும் சரியானவை. (1)க்கும் (2)க்கும் பொதுவான தீர்வுகள் உண்மையிலேயே எண்ணற்றவைதான். க = 0 என்றால் ச = 5, த = 6. க = 1 என்றால் ச = 4, த = 5. இரண்டிலும் போட்டுப் பாருங்கள், பொருந்தும். இப்போது அதே இரண்டையும் (3)ல் போடச் சொல்லுங்கள்:

3க − 2(5 − க) + 2(6 − க) = 8
3க + 2 = 8
க = 2

அவ்வளவுதான். ச = 3, த = 4 தானாக வரும். கடைசி வரியில் (2) என்று எழுதிய இடத்தில் (3) என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். எனக்கு இந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, நிறையப் பேர் 0 = 0 வந்ததும் பயந்து அழித்துவிடுவார்கள். இவன் அதற்கு ஓர் அர்த்தம் சொல்லியிருக்கிறான்.

#4 வேலூர் அத்தை

சார், மிக்க நன்றி. (3)ல் போட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே அடுத்த கேள்வி கேட்கிறான்: "அப்போ புத்தகத்தில் 0 = 0 வந்தால் எண்ணற்ற தீர்வுகள் என்று இருப்பது எப்போதுதான் சரி? எனக்கு வந்த 0 = 0 பொய், அவர்களுக்கு வரும் 0 = 0 நிஜமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

#5 சாக்பீஸ்

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நீக்கல் முறையில் நாம் நீக்குவது மாறியை. சமன்பாடுகளின் எண்ணிக்கை குறையவே கூடாது. மூன்று சமன்பாடுகளோடு ஆரம்பித்தால் ஒவ்வொரு படியிலும் கையில் மூன்று இருக்க வேண்டும். (1)ஐயும் (2)ஐயும் சேர்த்து ஒரு புதுச் சமன்பாடு செய்தோம் என்றால், அது (2)க்குப் பதிலாக வந்து உட்காரும். (1) அப்படியே இருக்கும், (3)உம் இருக்கும்.

இப்படி மாற்றுவது ஏன் செல்லும்? திரும்பிப் போக முடிவதால்தான். (2)ஐ 2ஆல் பெருக்கி (1)ஐக் கூட்டிப் புதிய (2) செய்தோம். புதிய (2)லிருந்து (1)ஐக் கழித்து 2ஆல் வகுத்தால் பழைய (2) திரும்பக் கிடைத்துவிடும். பழைய தொகுப்புக்குப் பொருந்தும் எண்கள் புதியதற்கும் பொருந்தும், புதியதற்குப் பொருந்துபவை பழையதற்கும் பொருந்தும். தீர்வு எதுவும் தொலையவில்லை, புதிதாக எதுவும் நுழையவும் இல்லை. ஒரு சமன்பாட்டை 0ஆல் பெருக்கக் கூடாது என்பதும் இதனால்தான். 0ஆல் பெருக்கினால் அந்தச் சமன்பாடு 0 = 0 ஆகிவிடும், திரும்பப் போக வழி இல்லை.

மூன்று சமன்பாடுகளையும் இப்படி முறையாக மாற்றிக்கொண்டே வந்து, அதில் ஒன்று 0 = 0 ஆனால், அது நிஜம். அந்தச் சமன்பாடு மற்ற இரண்டும் சொன்னதற்கு மேல் எதையும் சொல்லவில்லை என்று பொருள். உதாரணம் வேண்டுமென்றால் (1), (2) இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு (3)ஐ மட்டும் மாற்றுங்கள்:

(3) 3க + 2ச + த = 16

இப்போது (1), (2)லிருந்து முன்பு போலவே க + த = 6. (3)லிருந்து (1)ஐக் கழித்தால் 2க + 2த = 12, அதாவது மறுபடி க + த = 6. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 0 = 0. இந்த முறை மூன்றையும் பயன்படுத்திவிட்டோம், எதையும் விடவில்லை. ஆகவே எண்ணற்ற தீர்வுகள்: ச = 5 − க, த = 6 − க, க எதுவாகவும் இருக்கலாம். அவன் எழுதிய அதே விடை, இந்தக் கணக்குக்குச் சரி.

அதே (3)ன் வலப்பக்கத்தில் 16க்குப் பதில் 17 போடுங்கள். 2க + 2த = 13 வரும். க + த = 6 என்றால் 2க + 2த = 12 ஆக வேண்டுமே? கழித்தால் 0 = 1. தீர்வே இல்லை.

மூன்று மாறிச் சமன்பாடு ஒவ்வொன்றும் இடத்தில் ஒரு தளம். அறையின் இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலையைப் பாருங்கள், அது செங்குத்தான ஒரு கோடு. பையன் கண்டுபிடித்த ச = 5 − க, த = 6 − க என்பது அப்படி ஒரு கோடு. மூன்றாவது தளம் மேற்கூரை போல அந்தக் கோட்டை வெட்டினால் ஒரே புள்ளி. அவனுடைய அசல் கணக்கு அதுதான், புள்ளி (2, 3, 4). மூன்றாவது தளம் அந்தக் கோட்டையே தன்னுள் வைத்திருந்தால் எண்ணற்ற தீர்வுகள், 16 போட்ட கணக்கு. கோட்டுக்கு இணையாக விலகிப் போனால் தீர்வு இல்லை, 17 போட்ட கணக்கு.

#6 இரட்டைவால்

சார், நான் பன்னிரண்டாம் வகுப்பு. இதையே எங்களுக்கு அணியின் தரம் (புதிதாக எதையாவது சொல்லும் நிரைகள் எத்தனை என்பது), ரோச்சி கபெல்லி தேற்றம் என்று நடத்தினார்கள். வலப்பக்கத்தைச் சேர்க்காமலும் சேர்த்தும் தரம் சமமாக இருந்தால் ஒருங்கமைவு உடையது, அதாவது தீர்வு உண்டு, சமமில்லை என்றால் இல்லை என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். 16க்கும் 17க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தபிறகுதான் அது எதைச் சொல்கிறது என்று புரிகிறது.

#7 வேலூர் அத்தை

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நேற்று வேறு விதமாகவும் முயன்றிருக்கிறான், நோட்டில் அடித்துப் போட்டிருந்தது. இந்த முறை மூன்றையும் பயன்படுத்தித்தான் இருக்கிறான். (1), (2)ல் ச-வை நீக்கினான்: க + த = 6. (2), (3)ல் த-வை நீக்கினான்: −5க + 4ச = 2. (1), (3)ல் க-வை நீக்கினான்: 8ச − 5த = 4. அப்புறம் "மறுபடியும் மூன்று சமன்பாடு, மூன்று மாறி, ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேன்" என்று விட்டுவிட்டான்.

#8 நிரலன்

மூன்று வரியுமே சரி. (2, 3, 4) போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. விட்டுவிடாமல் த = 6 − க என்று தொடர்ந்திருந்தாலும் விடை வந்திருக்கும், சுற்றுவழிதான். ஆனால் அவன் சொல்வது நியாயம்: ஒவ்வொரு ஜோடியிலும் வேறு வேறு மாறியை நீக்கினால் எந்த மாறியும் முழுசாகப் போகாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஒரே மாறியை மூன்று ஜோடியிலும் நீக்குவது. ச-வை நீக்கினால்:

(1), (2)லிருந்து 5க + 5த = 30
(1), (3)லிருந்து 4க + த = 12
(2), (3)லிருந்து க + 4த = 18

மூன்றாவதைக் கவனியுங்கள், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது அதேதான். ஆகவே மூன்றாவது ஜோடிக்கு உழைத்தது வீண். இரண்டு ஜோடி போதும், அந்த இரண்டு ஜோடியிலும் நீக்கும் மாறி ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து மூன்று சமன்பாட்டையும் தொட வேண்டும். இங்கே முதல் இரண்டை எடுத்தால் க + த = 6, 4க + த = 12. கழித்தால் 3க = 6. ஒரே வரியில் முடிந்தது.

குழப்பம் வராமல் இருக்க நான் சொல்லும் பழக்கம்: ஒரு சமன்பாட்டைத் தலைவராக வைத்துவிடுங்கள். அதைக் கொண்டு மற்ற எல்லாவற்றிலிருந்தும் ஒரே மாறியை நீக்குங்கள். பிறகு தலைவரை ஓரமாக வைத்துவிட்டு, மிச்சமுள்ளவற்றில் ஒரு புதுத் தலைவர். மாறிகளை எழுதாமல் கெழுக்களை (மாறிகளின் முன் நிற்கும் எண்களை) மட்டும் அட்டவணையாக எழுதினால் இன்னும் தெளிவு:

1, 2, −1 | 4
2, −1, 3 | 13
3, −2, 2 | 8

முதல் நிரைதான் தலைவர். இரண்டாவதிலிருந்து அதன் 2 மடங்கையும், மூன்றாவதிலிருந்து 3 மடங்கையும் கழித்தால்:

1, 2, −1 | 4
0, −5, 5 | 5
0, −8, 5 | −4

இரண்டாவதை −5ஆல் வகுத்தால் 0, 1, −1 | −1. அதன் 8 மடங்கை மூன்றாவதுடன் கூட்டினால் 0, 0, −3 | −12. த = 4. மேலே ஏறி வாருங்கள்: ச − 4 = −1, ச = 3. க + 6 − 4 = 4, க = 2.

பன்னிரண்டாம் வகுப்பில் காஸ்ஸியன் நீக்கல் முறை என்று பெரிய பெயரில் வருவது இதுதான். பையன் இப்போதே பழகிக்கொள்ளலாம், விடைத்தாளில் மட்டும் மாறிகளோடு எழுதட்டும்.

#9 குறுக்குவழி

எத்தனை பத்தி எழுதினாலும் கிராமரில் யோசிக்க வேண்டிய வேலை குறைவு என்பது என் கருத்து. கிராமர் 1750லேயே வெளியிட்ட விதி, இன்னும் பாடத்தில் இருக்கிறது என்றால் காரணம் இல்லாமலா? இரண்டு மாறிக்குக் குறுக்குப் பெருக்கல் முறையும் அதே மாதிரிதான். சூத்திரம் தெரிந்தால் போதும்.

#10 நிரலன்

இரண்டு மாறிக்கு ஒத்துக்கொள்கிறேன். மூன்றுக்குச் சகித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

20 சமன்பாடு, 20 மாறி என்று வையுங்கள். கிராமருக்கு 21 அணிக்கோவைகள் வேண்டும். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு அணிக்கோவையை விரித்தால் 20! உறுப்புகள் (1 முதல் 20 வரை பெருக்கியது), அதாவது 2432902008176640000. நொடிக்கு நூறு கோடி உறுப்புகளைக் கணக்கிடும் கணினியிடம் கொடுத்தாலும் 21 அணிக்கோவைக்கும் சேர்த்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓடும். நீக்கல் முறைக்கு ஆகும் செயல்கள் சுமாராக மாறிகளின் எண்ணிக்கையின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 20க்கு அது ஆறாயிரத்தைத் தாண்டாது. பொறுமைசாலி ஒருவர் கையாலேயே செய்துவிடலாம்.

(அணிக்கோவையையே நீக்கல் முறையில் சுருக்கிக் கண்டுபிடிக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, ஆனால் அப்போது நீங்கள் செய்வதும் நீக்கல்தானே?)

பைத்தான் நிரல்மொழியில் நம்பை (NumPy) என்ற கணித நூலகத்தில் சமன்பாட்டுத் தொகுப்பைக் கொடுத்துத் தீர்வு கேட்டால் உள்ளே நடப்பது இந்த நீக்கல்தான். உலகின் வேகமான 500 மீக்கணினிகளுக்குத் தரவரிசை போடுகிறார்களே, அதற்கான லின்பேக் சோதனையும் மாபெரும் நேரிய சமன்பாட்டுத் தொகுப்பு ஒன்றை நீக்கல் முறையில் தீர்க்கச் சொல்வதுதான்.

#11 சாக்பீஸ்

சண்டை வேண்டாம் தம்பிகளா. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்தக் காலத்தில் நான் திருத்திய விடைத்தாள்களில் குறுக்குப் பெருக்கலில் மதிப்பெண் போனதெல்லாம் குறிப் பிழையால். நீக்கலிலும் அதே வியாதி உண்டு. கழிக்கும்போது முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். மருந்து சுலபம்: கழிக்கவே கழிக்காதே. ஒரு சமன்பாட்டை முழுசாக −1ஆல் பெருக்கித் தனி வரியாக எழுது, பிறகு கூட்டு. ஒரு வரி கூடும், பிழை குறையும். வலப்பக்கத்தையும் பெருக்க வேண்டும் என்று பக்கத்தில் யாராவது கத்த வேண்டும்.

பிரதியிடல் எப்போது நல்லது என்றால், ஏதாவது ஒரு மாறியின் கெழு 1 அல்லது −1 ஆக இருக்கும்போது. மற்றபடி பின்னங்கள் ஆரம்பத்திலேயே வந்து கழுத்தை அறுக்கும்.

#12 பத்தாம்பசலி

காஸ்ஸியன் என்ற பெயர் வந்ததால் ஒரு குறுக்கீடு. இது காஸ் கண்டுபிடித்த முறை இல்லை. காஸ் 1777ல் பிறந்தவர். கோள்களின் பாதையைக் கணக்கிட அவருக்கு இந்த மாதிரித் தொகுப்புகள் நிறையத் தேவைப்பட்டன, எழுதும் முறையைச் செப்பனிட்டார். அவரே இதை எல்லாரும் செய்யும் சாதாரண நீக்கல் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார். 1707ல் அச்சான நியூட்டனின் இயற்கணிதப் பாடங்களிலும் மாறிகளை நீக்குவது இருக்கிறது. காஸ் பெயர் ஒட்டிக்கொண்டதெல்லாம் இருபதாம் நூற்றாண்டில், கணினி வந்த காலத்தில்.

உண்மையில் பழையது சீனர்களுடையது. ஈராயிரம் ஆண்டுப் பழமையான 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூலின் எட்டாம் அத்தியாயம் முழுக்க இதுதான், 18 கணக்குகள். அட்டையில் கட்டம் கட்டமாக எண்ணுக் குச்சிகளை அடுக்குவார்கள். ஒரு சமன்பாடு ஒரு நிரல். நிரலன் போட்ட அட்டவணையை நிமிர்த்தி வைத்தால் அதுவேதான். கழிக்கும்போது குறை எண் வருமே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 263ல் உரை எழுதிய லியூ ஹுய், மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்கிறார்.

அந்த அத்தியாயத்தின் முதல் கணக்கைப் பையனுக்குக் கொடுங்கள். உயர்ரகக் கதிர்க்கட்டு 3, நடுரகம் 2, கடைரகம் 1 சேர்ந்து 39 அளவைத் தானியம். உயர்ரகம் 2, நடுரகம் 3, கடைரகம் 1 என்றால் 34. உயர்ரகம் 1, நடுரகம் 2, கடைரகம் 3 என்றால் 26. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு தானியம்?

நம் பக்கத்திலும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் மகாவீரர் எழுதிய கணிதசாரசங்கிரகம். ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912ல் சென்னையில் அச்சானது. அதில் ஒரு கணக்கு: 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் 107 காசு. 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101 காசு. ஒவ்வொன்றின் விலை என்ன?

இதற்கு 9ஆலும் 7ஆலும் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கெழுக்கள் இடம் மாறி நிற்கின்றன. கூட்டினால் 16, 16 | 208, ஆக இரண்டும் சேர்ந்து 13. கழித்தால் 2, −2 | 6, ஆக வித்தியாசம் 3. நார்த்தங்காய் 8, விளாம்பழம் 5. எந்தச் சூத்திரமும் இவ்வளவு சுருக்கமாக முடிக்காது, குறுக்குவழியார் மன்னிக்கவும்.

#13 சிவில்காரன்

சாக்பீஸ் சார் சொன்ன நிஜமான 0 = 0 எங்கள் வேலையில் அடிக்கடி வரும். ஒரு கட்டடச் சட்டகத்தை மென்பொருளில் வரைந்து பாரம் ஏற்றி ஓடவிட்டால், உள்ளே அது ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு நகரும், எவ்வளவு திரும்பும் என்பதற்கு ஆயிரக்கணக்கான நேரிய சமன்பாடுகளை எழுதி நீக்கல் முறையில் தீர்க்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அடித்தளத்தில் தாங்கிகளைக் கொடுக்க மறந்துவிட்டார் என்று வையுங்கள். அப்போது நீக்கிக்கொண்டே போகும்போது தலைமை உறுப்பு (தலைவர் நிரையில் நீக்கப் பயன்படும் கெழு) இருக்க வேண்டிய இடத்தில் 0 வந்து நிற்கும். மென்பொருள் எச்சரிக்கை கொடுத்து நின்றுவிடும்.

ஏன் 0 என்றால், தாங்கி இல்லாத கட்டடத்தை அப்படியே பத்து அடி தள்ளி வைத்தாலும் எந்த உத்தரமும் நீளவில்லை, வளையவில்லை. உள்விசைகளில் மாற்றம் இல்லை. ஆகவே எங்கே நிற்கிறது என்று சமன்பாடுகளால் சொல்லவே முடியாது, எண்ணற்ற விடைகள். இதில் பக்கவாட்டு விசையும் இருந்தால் இன்னும் மோசம்: தடுக்க ஆளில்லாத விசைக்குச் சமநிலையே கிடையாது, 17 போட்ட கணக்கு மாதிரி தீர்வே இல்லை. எங்கள் அலுவலகத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் முதலில் பார்ப்பது தாங்கிகளை, அடுத்து இரண்டு பக்கமும் கீல் போட்டுவிட்ட உறுப்புகளை.

இதைவிட ஆபத்து, சரியாக 0 வராமல் 0க்கு மிக அருகில் வருவது. எச்சரிக்கை வராது, ஒரு விடை வரும், அது குப்பையாக இருக்கும். க + ச = 2, க + 1.0001ச = 2.0001 என்று இரண்டு சமன்பாடு எடுங்கள். விடை க = 1, ச = 1. இரண்டாவதன் வலப்பக்கத்தை 2.0002 ஆக்குங்கள். விடை க = 0, ச = 2. நான்காவது தசமத்தில் ஒன்று மாறியதற்கு இவ்வளவு பெரிய தாவல். இதில் நீக்கல் முறையின் குற்றம் எதுவும் இல்லை, இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கின்றன.

#14 நிரலன்

அதற்கு அண்ணன் முறையில் ஒன்று உண்டு, அது நீக்கல் முறையின் குற்றமேதான். கணினி ஒவ்வொரு எண்ணையும் சில இலக்கங்களுக்குத் தோராயமாக்கிவிடும். மூன்று இலக்கம்தான் என்று வையுங்கள்.

0.0001க + ச = 1
க + ச = 2

உண்மை விடை இரண்டுமே ஏறக்குறைய 1. முதல் சமன்பாட்டைத் தலைவராக வைத்து 10000ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் −9999ச = −9998. மூன்று இலக்கத்துக்குத் தோராயமாக்கினால் இரண்டுமே −10000, ஆக ச = 1. மேலே போட்டால் 0.0001க = 0, க = 0. முழுத் தவறு. இரண்டாவது சமன்பாட்டைத் தலைவராக வைத்தால் ச = 1, க = 1, பிரச்சினையே இல்லை.

அதனால்தான் எந்த நல்ல கணினி நிரலும் நீக்கப்போகும் மாறிக்குப் பெரிய கெழு உள்ள நிரையை மேலே கொண்டுவந்து தலைவராக்கும். இந்தத் தோராயப் பிழைகள் எவ்வளவு பெருகும் என்று 1940களில் பெரிய ஆட்களே கவலைப்பட்டார்கள். 1948ல் ஆலன் டூரிங் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பையன் கையால் போடும்போது இது கவலை இல்லை, அவனிடம் பின்னங்கள் இருக்கின்றன. அவன் 1 இருக்கும் நிரையைத் தலைவராக வைத்துக்கொள்ளட்டும்.

#15 வேலூர் அத்தை

சீனத் தானியக் கணக்கைப் போட்டுவிட்டான். அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உயர்ரகம் க, நடுரகம் ச, கடைரகம் த.

(1) 3க + 2ச + த = 39
(2) 2க + 3ச + த = 34
(3) க + 2ச + 3த = 26

"மூன்றில் த-வை நீக்கினேன். (1)லிருந்து (2)ஐ, −1ஆல் பெருக்கித்தான், கூட்டினேன்: க − ச = 5. (1)ஐ 3ஆல் பெருக்கி (3)ஐ நீக்கினேன்: 8க + 4ச = 91. க = ச + 5 என்று போட்டால் 12ச + 40 = 91. ச = 51/12 = 17/4. க = 37/4. (1)லிருந்து த = 11/4."

எல்லாம் பின்னமாக வந்ததால் தப்பு என்று நினைத்து மறுபடி போடப் போகிறான். தப்பா சார்?

#16 சாக்பீஸ்

மூன்றும் சரி. அந்த நூலில் இருக்கும் விடையும் இதேதான்: 9¼, 4¼, 2¾. முழு எண்ணாக வரும்படி கணக்கு அமைப்பது பாடப்புத்தகம் எழுதுபவர்களின் கருணை, தானியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மறுபடி போட வேண்டாம், சரிபார்த்தால் போதும். எதில் சரிபார்ப்பது என்பதில்தான் விஷயம். த-வை (1)லிருந்து கண்டுபிடித்தான், ஆகவே (1)ல் போட்டால் தப்பான க, ச-வும் பொருந்திவிடும். (3)ல் போடட்டும்: 37/4 + 34/4 + 33/4 = 104/4 = 26. (2)ல்: 74/4 + 51/4 + 11/4 = 136/4 = 34.

#17 இரட்டைவால்

சார், அதே அத்தியாயத்தில் மீதி 17 கணக்குகள் தமிழில் எங்காவது கிடைக்குமா? பத்தாம்பசலி அண்ணா, உங்களிடம் இருந்தால் புது இழை தொடங்குங்கள்.

#18 பத்தாம்பசலி

தமிழில் நான் பார்த்ததில்லை. இரண்டு மூன்றை நானே தமிழாக்கித் தனி இழையில் போடுகிறேன். ஒன்றில் மாறிகள் ஆறு, சமன்பாடுகள் ஐந்துதான் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஊர்க்கிணறு ஒன்று, ஐந்து குடும்பங்களின் கயிறுகள், கிணற்றின் ஆழம் என்ன என்று கேட்பார்கள்.